நீங்கள் அனுப்பிய தனிச்செய்தியை மற்றவர் பொதுவில் வெளியிட்டால்: உங்கள் உரிமைகளும் எடுக்க வேண்டிய படிகளும்

ஒருவர் மட்டும் படிப்பார் என்று நம்பி எழுதிய வாட்ஸ்அப் செய்தி ஃபேஸ்புக்கிலோ குடியிருப்போர் குழுவிலோ ஸ்கிரீன்ஷாட்டாக வந்துவிட்டது என்பதை, பெரும்பாலும் மூன்றாம் ஒருவர் சொல்லித்தான் அறிகிறோம். ‘என்னைக் கேட்காமல் எப்படிப் போடலாம்?’ என்று நாம் கேட்போம். ‘எனக்கு வந்த செய்தி, என் கைப்பேசியில் இருக்கிறது, என்ன வேண்டுமானாலும் செய்வேன்’ என்று அவர் சொல்வார். சட்டம் இந்த இரண்டு பேச்சையும் முழுமையாக ஏற்பதில்லை. நெருங்கியிருந்த உறவு முறிந்த பிறகே இப்படி நேர்வது வழக்கம் என்பதால், சட்டத்தின் படிகளை நிதானமாக யோசிக்கும் மனநிலையும் அப்போது பலருக்கு இருப்பதில்லை. அந்த நேரத்தில் கையில் வைத்துக்கொள்ளத்தக்க ஒரு வழிகாட்டியாக இதை எழுதுகிறேன்.

இந்தியாவில் தனிச்செய்திகளைப் பாதுகாப்பதற்கென்று தனியாக ஒரு சட்டம் கிடையாது. நீங்கள் எழுதிய சொற்களைப் பதிப்புரிமைச் சட்டம் காக்கிறது. உங்கள் அந்தரங்கத்தை அரசமைப்பும் நீதிமன்றத் தீர்ப்புகளும் காக்கின்றன. நற்பெயரை அவதூறுச் சட்டம் காக்கிறது. உடல் சார்ந்த படங்களைத் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் தண்டனைச் சட்டமும் காக்கின்றன. ஆகவே ‘என் செய்தியைப் போட்டுவிட்டார்’ என்ற பொதுவான புகாரோடு காவல் நிலையம் செல்பவர், எந்தப் பிரிவில் பதிவது என்று தெரியாத காவலரிடம் பேசிக் களைத்துத் திரும்புகிறார். அந்த வெளியீட்டால் உங்களுக்கு நேர்ந்த கேடு எது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொண்டால், எங்கே செல்வது என்பது தானாகத் தெளிவாகும். இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும்: 2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் அதே நாளில் மாறின. பழைய கட்டுரைகளில் காணும் 499, 500, 65-பி போன்ற எண்களை அப்படியே புகாரில் எழுதாதீர்கள். கீழே நான் தருபவை புதிய எண்கள்.

முதற்படி: பதிவு மறைவதற்கு முன் சான்றுகளைச் சேர்த்து வையுங்கள்

கோபத்தில் முதலில் தோன்றுவது, அந்தப் பதிவின் கீழே போய்ச் சண்டைபிடிப்பதும், பத்து நண்பர்களைத் திரட்டி அதைப் பற்றி ஃபேஸ்புக்குக்குப் புகார் அனுப்பச் செய்வதும்தான். இரண்டையும் ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். பதிவு நீங்கிவிட்டால் மனம் ஆறும். ஆனால் அப்படியொன்று இருந்ததற்கான சான்றும் அதோடு போய்விடும். பதிவிட்டவரின் கணக்குப் பெயர், நாள், நேரம், கீழே உள்ள கருத்துகள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்ற எண்ணிக்கை ஆகிய அனைத்தும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிவின் இணைய முகவரியைத் தனியே நகலெடுத்து வையுங்கள். ஒட்டி வெட்டியது என்று ஸ்கிரீன்ஷாட்டை மறுக்கலாம், முகவரியை அவ்வளவு எளிதில் மறுக்க முடியாது. அவருடைய கணக்குப் பக்கத்திலிருந்து தொடங்கி அந்தப் பதிவு வரை போவதை ஒரே தொடர்ச்சியாகத் திரைப்பதிவு செய்து வைத்தால் இன்னும் நல்லது. அதைப் பார்த்து உங்களிடம் சொன்னவரின் செய்தியையும் அழிக்காதீர்கள். பிறர் அதைப் படித்தார்கள் என்பதற்கு அவரே சாட்சி.

உங்கள் கைப்பேசியில் இருக்கும் மூலச் செய்தியை, வெட்கத்தினாலோ பயத்தினாலோ ‘அனைவருக்கும் அழி’ என்று நீக்கிவிட வேண்டாம். வெளியான ஸ்கிரீன்ஷாட்டில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது, ஒரு சொல் மாற்றப்பட்டிருக்கிறது என்று பின்னர் நிறுவ, அந்த மூலம் ஒன்றுதான் உதவும். வழக்கு முடியும் வரை அந்தக் கைப்பேசியை விற்கவோ துடைத்துப் புதிதாக்கவோ கூடாது என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. மின்னணு ஆவணத்தின் நகலை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63(4) பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும். அதன் முதற்பகுதியைக் கருவியைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவரும், இரண்டாம் பகுதியை ஒரு நிபுணரும் கையொப்பமிட்டுத் தர வேண்டும். கோப்பின் ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு) அதில் இடம்பெற வேண்டும். பழைய சட்டத்தின் கீழ், 2020-ஆம் ஆண்டு அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில், நகலுக்கு இத்தகைய சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதே தீர்ப்பில், கருவியின் உரிமையாளரே சாட்சிக் கூண்டேறி மூலக் கருவியை முன்வைத்தால் சான்றிதழ் தேவைப்படாது என்றும் விளக்கியது. மூலக் கைப்பேசியின் மதிப்பு இதிலிருந்தே விளங்கும்.

இரண்டாம் படி: அந்தரங்கப் படம் இருந்தால் நேரே காவல்துறைக்குச் செல்லுங்கள்

வெளியானதில் உடல் சார்ந்த அந்தரங்கப் படமோ காணொளியோ இருந்தால், இந்தக் கட்டுரையின் மற்ற பகுதிகளைப் பிறகு படியுங்கள். ஒருவரது அந்தரங்க உறுப்புகளின் படத்தை அவர் சம்மதமின்றி வெளியிடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவின்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறையும் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஆபாசமானவற்றை மின்னணு வழியில் வெளியிடுவதற்கு 67-ஆம் பிரிவும், வெளிப்படையான பாலியல் காட்சிகளுக்கு 67-ஏ பிரிவும் உள்ளன. ‘நீங்களே அனுப்பிய படம்தானே, அம்மா?’ என்ற கேள்வியைப் பல பெண்கள் காவல் நிலையத்தில் எதிர்கொள்கிறார்கள். அதற்கான பதில் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பெண்ணுக்கு எதிரான மறைந்து பார்த்தலைக் குற்றமாக்கும் நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் உள்ள விளக்கம், படம் எடுக்கச் சம்மதித்தவர் அதைப் பிறருக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்புவது இப்பிரிவின் கீழ்க் குற்றம் என்கிறது. அந்த விளக்கத்தை அச்சிட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களுக்கென்று தனிப்பகுதி இருக்கிறது. அங்கே பெயர் சொல்லாமலும் புகாரளிக்கலாம். ஆனால் வழக்காக நடத்த வேண்டுமென்றால் பெயரோடு அளிப்பதே பயன் தரும். அதே நாளில் அந்தச் சமூக ஊடக நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கும் எழுத வேண்டும். இத்தகைய படங்களை நீக்க, 2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள் வெளியானபோதே 24 மணி நேரக் கெடு விதித்தன. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், புகார் எழுதும் நாளில் நடப்பிலுள்ள கெடுவைப் பார்த்து அதையே குறிப்பிடுங்கள். படம் மீண்டும் மீண்டும் வெவ்வேறு தளங்களில் முளைத்தால் உயர் நீதிமன்றத்தை நாடலாம். 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரின் மனுவில், அவருடைய காட்சிகளை 48 மணி நேரத்துக்குள் நீக்கவும் தடுக்கவும் நடவடிக்கை எடுக்குமாறு மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

படத்தில் இருப்பவர் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால், சான்றுக்காகக்கூட அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். வழக்கறிஞர் நண்பருக்கும் வேண்டாம். எங்கே கண்டீர்கள் என்ற முகவரியை மட்டும் காவல்துறையிடம் கொடுங்கள். மற்றதை அவர்கள் கைப்பற்றிக்கொள்ளட்டும்.

மூன்றாம் படி: சொற்கள் யாருடையவை என்று பாருங்கள்

அந்தரங்கப் படம் இல்லாத வழக்கமான செய்திகளுக்கு வருவோம். ‘எனக்கு வந்த செய்தி என்னுடையது’ என்ற வாதம் வாட்ஸ்அப் காலத்தில் பிறந்ததன்று. 1741-இல் லண்டனில் அலெக்சாண்டர் போப் என்ற கவிஞரின் கடிதங்களை எட்மண்ட் கர்ல் என்ற பதிப்பாளர் அச்சிட்டபோதே அது நீதிமன்றத்துக்கு வந்துவிட்டது. கடிதம் பெற்றவருக்கு அந்தத் தாள் சொந்தமாகலாம், அதை உலகுக்கு வெளியிடும் உரிமை அதனோடு சேர்ந்து போய்விடுவதில்லை என்று லார்ட் சான்சலர் ஹார்ட்விக் தீர்ப்பளித்தார். அந்தத் தடையாணையில் இன்று நமக்கு மிகவும் பயன்படும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. போப் எழுதிய கடிதங்களுக்கு மட்டுமே தடை நீடித்தது. மற்றவர்கள் போப்புக்கு எழுதியவற்றுக்கு அவர் தடை கேட்க முடியவில்லை. இருவர் பேசிய உரையாடல் ஒரே ஸ்கிரீன்ஷாட்டில் இருந்தால், உங்கள் பக்கத்து வரிகளுக்குத்தான் நீங்கள் உரிமை கோர முடியும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் இதே அடிப்படையில் நிற்கிறது. 17-ஆம் பிரிவின்படி, எழுதியவரே முதல் உரிமையாளர். இந்த உரிமையைப் பெறப் பதிவு செய்யத் தேவையில்லை. எழுதி முடித்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. உரிமையை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டுமென்றால் எழுத்து வடிவில் கையொப்பமிட்டுத்தான் கொடுக்க முடியும் என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே செய்தியை அனுப்பியதாலேயே உரிமையையும் அனுப்பிவிட்டீர்கள் என்று யாரும் வாதிட முடியாது. குரல் செய்திக்கும் இது பொருந்தும். அனுப்பிய புகைப்படத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை: பதிப்புரிமை படம் எடுத்தவருக்கு உரியது, படத்தில் இருப்பவருக்கு அன்று. தோழி எடுத்த உங்கள் படத்தை ஒருவர் வெளியிட்டால், பதிப்புரிமைப் புகாரைத் தோழிதான் அளிக்க வேண்டும். அதுபோல, அலுவலகப் பணியின் பகுதியாக எழுதிய செய்திகளுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, உரிமையாளர் உங்களை வேலைக்கு வைத்திருப்பவரே.

இந்த உரிமையின் எல்லைகளை அறியாமல் இறங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஒரு படைப்பில் சிறிதளவேனும் சொந்த ஆக்கத்திறன் இருக்க வேண்டும் என்று ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ‘சரி, நாளைக்கு வருகிறேன்’ என்ற ஒற்றை வரிக்குப் பதிப்புரிமை கோருவது எடுபடாது. மனம்விட்டு எழுதிய பத்துப் பத்திச் செய்திக்குக் கோரலாம். அடுத்து, சட்டம் காப்பது சொன்ன விதத்தை மட்டுமே, சொன்ன தகவலை அன்று. உங்கள் சொற்களை எடுக்காமல், ‘அவர் கடனில் இருப்பதாக எனக்கு எழுதினார்’ என்று ஒருவர் தம் சொற்களில் போட்டால் பதிப்புரிமை அங்கே நின்றுவிடுகிறது. அதை அந்தரங்க உரிமையின் வழியே பார்க்க வேண்டும். மேலும் விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்காக நியாயமான அளவில் எடுத்தாள்வதை 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. நீதிமன்ற நடவடிக்கைக்காகப் படியெடுப்பதையும் அதே பிரிவு விலக்கிவிடுகிறது. விவாகரத்து வழக்கில் உங்கள் செய்தியைக் கணவர் தாக்கல் செய்தால், அதைப் பதிப்புரிமை கொண்டு தடுக்க முடியாது.

பதிப்புரிமை மீறலுக்கு 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை இருக்கிறது என்று சிலர் ஆர்வமாகச் சொல்வார்கள். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனாலும் ஒரு தனிச்செய்திக்காக அந்தக் குற்றவியல் வழியில் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பதிவை நீக்க வைப்பதிலும் உறுத்துக்கட்டளை (நீதிமன்றத் தடையாணை) பெறுவதிலும்தான் பதிப்புரிமை உண்மையாகப் பயன் தருகிறது. இழப்பீடாகக் கிடைக்கக்கூடிய தொகை பெரும்பாலும் வழக்குச் செலவுக்கே போதாது. செய்தியை வெட்டித் திரித்து வெளியிட்டிருந்தால் மட்டும் 57-ஆம் பிரிவைத் தவறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுதியவரின் மதிப்புக்கு ஊறு நேரும்படி படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் தனி உரிமை அது.

நான்காம் படி: அந்தரங்கம் எவ்வளவு, பொதுநலன் எவ்வளவு என்று எடைபோடுங்கள்

அந்தரங்க உரிமையைப் பற்றிய முக்கியமான தீர்ப்புகளில் ஒன்று தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கில் பிறந்தது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் எழுதிய தன்வரலாற்றை வெளியிட முனைந்த நக்கீரன் ஆசிரியர், அதிகாரிகள் தடுப்பதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்று அறியப்படும் அந்த வழக்கின் 1994-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, முன்கூட்டியே வெளியீட்டைத் தடுக்கும் அதிகாரம் அரசுக்கு இல்லை என்று பத்திரிகையின் பக்கம் நின்றது. அதோடு, ஒருவரது குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு, கல்வி போன்றவற்றைப் பற்றி அவர் சம்மதமின்றி யாரும் வெளியிடக் கூடாது, எழுதியது உண்மையாயினும் பொய்யாயினும், புகழ்ச்சியாயினும் இகழ்ச்சியாயினும் அது அந்தரங்க மீறலே என்றும் வகுத்தது. பொது ஆவணங்களில் உள்ளவற்றுக்கும், அரசுப் பணியாளர் தம் கடமையில் செய்தவற்றுக்கும் விலக்கு அளித்தது. ‘உண்மையைத்தானே போட்டேன்’ என்ற வாதம் இந்த வழியில் செல்லாது என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவதூறு வழக்குக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு அதுவே.

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தது. அடிப்படை உரிமையை அரசுக்கு எதிராக மட்டும்தானே கேட்க முடியும் என்ற ஐயத்துக்கு, 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில், அரசமைப்பின் 19, 21 ஆகிய கூறுகளின் உரிமைகளைத் தனியார் மீதும் நிலைநாட்டலாம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் பதிலளித்தனர். நடைமுறையில், உரிமையியல் நீதிமன்றத்தில் மேலும் வெளியிடாதிருக்க உறுத்துக்கட்டளையும் இழப்பீடும் கேட்டு வழக்குத் தொடுப்பதே வழி. நோய், கருச்சிதைவு, கடன், மணமுறிவு, பிள்ளைகளைப் பற்றிய கவலை ஆகியவற்றை நம்பிக்கையோடு சொன்ன செய்திகளில் உங்கள் நிலை வலுவானது. ‘யாரிடமும் சொல்லாதே’ என்று அந்தச் செய்தியிலோ அதற்கு முன்போ நீங்கள் எழுதியிருந்தால், அந்த ஒரு வரி நம்பிக்கை மீறல் என்ற வாதத்துக்கு அடித்தளமாகும். ஒருவரை மிரட்டியோ இழிவாகவோ நீங்கள் எழுதிய செய்தி என்றால் நீதிமன்றம் அந்தரங்கத்தின் பக்கம் சாயும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இந்த இடத்தில் மூன்று தவறான நம்பிக்கைகளை விலக்கிவிட விரும்புகிறேன். புண்படுத்தும் இணையச் செய்திகளைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை 2015-ஆம் ஆண்டே ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கிவிட்டது. புகாரில் அதை எழுதாதீர்கள். 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தனிநபர் தம் சொந்த, குடும்பப் பயன்பாட்டுக்காகக் கையாளும் தரவுக்கு அது பொருந்தாது என்று அதன் 3-ஆம் பிரிவு சொல்வதால், முன்னாள் நண்பர் மீது பாய்ச்ச ஏற்ற கருவியாக அது இல்லை. முனையிலிருந்து முனை வரை மறையாக்கம் செய்யப்பட்டது என்று வாட்ஸ்அப் காட்டும் வரி, போகும் வழியில் பிறர் படிப்பதைத்தான் தடுக்கிறது. பெற்றவரின் கைகளைக் கட்டுவதில்லை.

ஐந்தாம் படி: பெயருக்குக் கேடு நேர்ந்ததா என்று பிரித்தறியுங்கள்

உங்கள் சொற்களை உள்ளபடியே வெளியிட்டது மட்டும் அவதூறாகிவிடாது. நீங்கள் சொன்னதைத்தான் உலகம் படித்தது. ஸ்கிரீன்ஷாட்டின் மேல் அவர் எழுதிய ‘பணத்தை ஏமாற்றியவர்’, ‘ஒழுக்கம் கெட்டவர்’ போன்ற தலைப்பு வரிகளும், இடையில் வரிகளை நீக்கிப் பொருளையே மாற்றியதும்தான் அவதூறாகின்றன. நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை வெறுங்காவல் (கடும் உழைப்பு இல்லாத சிறை), அபராதம் அல்லது சமூகப் பணி விதிக்கலாம். ஆனால் இது காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையாகப் பதிவாகும் குற்றமன்று. நீங்களே நீதித்துறை நடுவர் முன் தனிப்புகார் தாக்கல் செய்ய வேண்டும். செய்தியையே போலியாக உருவாக்கியிருந்தால் நிலைமை வேறு: நற்பெயருக்குக் கேடு செய்யும் நோக்கில் மின்னணு ஆவணத்தைப் பொய்யாகப் புனைவது 336(4) பிரிவில் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். வெளியிடப் போவதாக மிரட்டிப் பணம் கேட்டால் அது மிரட்டிப் பறித்தல், 308-ஆம் பிரிவு. அப்படி மிரட்டல் வந்தால் பணம் கொடுப்பதற்கு முன்பே காவல் நிலையம் செல்லுங்கள். ஒரு முறை கொடுத்தவரிடம் மறுமுறையும் கேட்பார்கள்.

முதலில் வெளியிட்டவர் மட்டுமே பொறுப்பாளி என்று நினைக்க வேண்டாம். பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய ஒரு பதிவைப் பகிர்ந்ததாக நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான எஸ்.வி.சேகர் மீது தொடரப்பட்ட வழக்குகளை ரத்துசெய்ய 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. பகிர்ந்த செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு போன்றது, அதன் விளைவுக்கு அனுப்பியவரே பொறுப்பு என்று அத்தீர்ப்பு கூறியது. உச்ச நீதிமன்றமும் பிறகு தலையிடவில்லை. மறுபக்கம், குழுவின் அட்மினாக இருந்த ஒரே காரணத்துக்காக ஒருவர் மீது குற்றம் சுமத்த முடியாது என்று அதே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. அட்மினிடம் பதிவை நீக்கச் சொல்லிக் கேளுங்கள்; அவரைக் குற்றவாளியாக்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஆறாம் படி: கேட்பது, நீக்கச் செய்வது, அறிவிப்பு, வழக்கு என்ற வரிசையில் செல்லுங்கள்

சான்றுகள் பத்திரமான பிறகு, பதிவிட்டவருக்கு நான்கு வரியில் எழுதுங்கள். எந்தப் பதிவு, அதில் எது உங்களுடையது, வெளியிட நீங்கள் சம்மதிக்கவில்லை, எந்த நாளுக்குள் நீக்க வேண்டும் என்பவை போதும். வசை வேண்டாம், இந்தச் செய்தியும் நாளை ஸ்கிரீன்ஷாட்டாகும் என்று எண்ணியே எழுதுங்கள். இருவருக்கும் பொதுவான ஒரு பெரியவர் பேசி முடித்த விவகாரங்களை நான் மிகவும் மதிக்கிறேன். பதிவு ஒரே மாலையில் நீங்குவதைப் போன்ற பயன் எந்த நீதிமன்றத்திலும் அவ்வளவு விரைவாகக் கிடைப்பதில்லை.

அவர் மறுத்தால், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகார் அனுப்புங்கள். 2021-ஆம் ஆண்டு விதிகளின் 3(1)(பி) விதி, பிறர் அந்தரங்கத்தில் ஊடுருவும் உள்ளடக்கத்தையும் பதிப்புரிமையை மீறும் உள்ளடக்கத்தையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. ‘மனவேதனை தருகிறது’ என்று எழுதுவதைவிட, எந்த முகவரியில் உள்ள எந்தப் பதிவு இந்த விதியின் எந்த வகையில் வருகிறது என்று எழுதினால் பதில் விரைவாக வரும். அலுவலரின் முடிவு உங்களுக்கு எதிராக இருந்தால், 30 நாட்களுக்குள் மத்திய அரசு 2023-இல் அமைத்த குறை மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையம் வழியாகவே முறையிடலாம். பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தைப் பயன்படுத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள்: உங்கள் பெயரும் தொடர்பு விவரமும் எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்கப்படலாம். உங்கள் முகவரி அவருக்குத் தெரியக் கூடாது என்ற நிலை இருந்தால், அந்தரங்க மீறல் படிவத்தையே தேர்ந்தெடுங்கள், அல்லது வழக்கறிஞர் மூலம் அனுப்புங்கள்.

அதற்கும் அசையாதவருக்கு வழக்கறிஞர் அறிவிப்பு. குற்றத்தன்மை உள்ள விவகாரங்களில் மாவட்ட சைபர் குற்றப் பிரிவில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ஏற்புச் சீட்டு வாங்குங்கள். எல்லை எங்களுடையதில்லை என்று எந்த நிலையமும் திருப்பி அனுப்பக் கூடாது; புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் தகவலைப் பதிந்துகொள்ள வேண்டும். பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள். அங்கும் பயனில்லை என்றால் 175(3) பிரிவின் கீழ் நடுவரிடம் பிரமாண வாக்குமூலத்தோடு மனுச் செய்யலாம்.

பெற்றவர் பக்கத்தில் நீங்கள் இருந்தால்

வெளியிட நினைப்பவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். மேலதிகாரி நள்ளிரவில் அனுப்பிய ஆபாசச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் பெண்ணுக்கு, இந்தச் சட்டங்கள் வாய்ப்பூட்டாகிவிடக் கூடாது. காவல்துறை, நீதிமன்றம், உங்கள் வழக்கறிஞர், அலுவலக உள்ளகப் புகார்க் குழு ஆகியோரிடம் அந்தச் செய்தியை முழுமையாகக் காட்டத் தடையேதும் இல்லை. உரிய அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு குற்றம் சாட்டுவதையும், தம் நலனைக் காக்க நல்லெண்ணத்தோடு சொல்வதையும் அவதூறுச் சட்டத்தின் விதிவிலக்குகள் காக்கின்றன. மனைவி அறியாமல் கணவர் பதிவுசெய்த தொலைபேசி உரையாடலைக்கூட விவாகரத்து வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் விபோர் கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யத் தகுந்தது என்பதால், அதே உரையாடலை யூடியூபில் ஏற்றவும் உரிமை கிடைத்ததாகப் பொருள் கொள்ளக் கூடாது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகாரைச் சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் குழுவிடம் அளிக்க வேண்டும். அளித்த பிறகு, புகாரின் உள்ளடக்கத்தையும் விசாரணை விவரங்களையும் வெளியிடுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே புகார் கொடுத்த மறுநாள் அதன் நகலை முகநூலில் இடுவது உங்கள் வழக்கையே பலவீனமாக்கும். பொதுநலன் கருதி வெளியிட்டே தீர வேண்டும் என்று முடிவெடுத்தால், குற்றத்தைக் காட்டத் தேவையான வரிகளை மட்டும் வெளியிடுங்கள். அவருடைய தொலைபேசி எண், குடும்பத்தார் பெயர், தொடர்பில்லாத மூன்றாம் நபர்கள் ஆகியவற்றை மறையுங்கள். வரிகளின் வரிசையை மாற்றாதீர்கள். உங்கள் சொந்தப் பதிலை நீக்கி அவருடைய வரியை மட்டும் காட்டாதீர்கள். முழு உரையாடல் பின்னர் வெளியானால், நீக்கிய அந்தப் பதிலே உங்கள் நல்லெண்ணத்தைக் கேள்விக்குள்ளாக்கும்.

கால வரம்பும் முதல் சந்திப்பும்

எழுத்து அவதூறுக்கு இழப்பீடு கேட்கும் உரிமையியல் வழக்கை, வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் தொடுக்க வேண்டும். குற்றவியல் அவதூறுப் புகாருக்கும் பதிப்புரிமை மீறல் வழக்குக்கும் மூன்றாண்டு அவகாசம் உண்டு. இந்த ஓராண்டுக் கெடுவைத் தவறவிட்டு வருபவர்கள் அதிகம் என்பதால், வெளியான நாளை இன்றே குறித்து வையுங்கள். வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவி கிடைக்கும். முதல் சந்திப்புக்குச் செல்லும்போது மூலச் செய்தி உள்ள கைப்பேசி, பதிவின் முகவரி எழுதிய தாள், நாள் வாரியாக என்ன நடந்தது என்ற ஒரு பக்கக் குறிப்பு, நீக்கக் கேட்டு நீங்கள் எழுதியதன் நகல், அதற்கு வந்த பதில் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் பதிலுக்கு எழுதிய கடுமையான செய்தி ஏதேனும் இருந்தால் அதையும் வழக்கறிஞரிடம் முதல் நாளே காட்டிவிடுங்கள். எதிர்த்தரப்பு அதை எப்படியும் நீதிமன்றத்தில் வைக்கும்.